டன்விச்சின் கடைசி வாக்கியம்

டன்விச் என்ற ஊர் தேவநாதனிடம் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நூற்றுப் பதினேழாம் பக்கமாக. திரையின் இடது பாதியில் மஞ்சள் ஏறிய தாளின் படம். வலது பாதியில் வெறும் வெள்ளை. இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை. ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூலத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழையோடுதான் அடிக்க வேண்டும்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கீழே பீங்கான் சாமான் குடோன், மேலே ராஜ்மோகனின் டைப்பிங் ஆபீஸ். பதினாலு கம்ப்யூட்டர். சென்னையில் ஒரு கம்பெனி வேலை கொடுக்கும். அந்தக் கம்பெனிக்கு இங்கிலாந்தில் ஒரு கம்பெனி கொடுக்கும். யாரோ ஒருவர் அங்கே குளிரில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப, அவை கடல் தாண்டி வந்து இந்த மாடியில் எழுத்தாகிக்கொண்டிருந்தன. இந்த முறை வந்தது தொகுதிகளைப் பற்றிய புத்தகம். ஒரு காலத்தில் லண்டன் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பிவிட்டு, பிறகு இல்லாமல் போன ஊர்களின் கதை. எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருந்தது.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் அடிப்பார்கள். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரு மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிவப்பு விழும். சரிபார்க்கிற பூர்ணிமா அந்தச் சிவப்பு இடத்தை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு, எது சரி என்று முடிவு செய்வாள். இரண்டு பேரும் ஒத்துப்போன இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மனிதர்கள் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஆபீஸே நடந்துகொண்டிருந்தது.

தேவநாதனின் ஜோடி சிந்தாமணி. இருபத்துநாலு வயது. அதற்கு முன்னால் பொம்மை செய்கிற பீங்கான் யூனிட் ஒன்றில், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் விலாவில் அச்சு பொருந்திய தடமாக ஓடும் கோட்டைச் சுரண்டித் துடைக்கிற வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா சிங்காரவேல் இன்னமும் அங்கேதான் அச்சில் மண் ஊற்றுகிறார். ஆபீஸிலேயே வேகமான கை அவளுடையது. பின்னறையில் உட்கார்ந்திருப்பாள். தேவநாதன் தெருப்பக்க அறையில். ஜோடியாக இருப்பவர்கள் பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. மூன்று வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது, குடிதண்ணீர் கேன் தீர்ந்துபோனதைப் பற்றியும், கரண்ட் எப்போது வரும் என்பதைப் பற்றியும்தான்.

ஆனால் ஒருவர் தப்பு மற்றவருக்கு மனப்பாடம். தினமும் மாலையில் பூர்ணிமா சிவப்புப் பட்டியலை அச்செடுத்து இருவருக்கும் கொடுப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு சிந்தாமணி காற்புள்ளிகளை விழுங்குவாள் என்பது தேவநாதனுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் வந்தால் அவளிடம் ஒரு தப்பும் இருக்காது என்பதும் தெரியும். அவரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று அவர் யோசித்ததில்லை.

"படிக்காதீங்க சார், பாத்து அடிங்க" என்று ராஜ்மோகன் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வான். "எம்.ஏ. ஹிஸ்டரின்னு உங்களை எடுத்ததுதான் நான் பண்ண தப்பு. படிக்கிறவங்க கை மெதுவா போவுது."

"சிந்தாமணியைப் பாருங்க" என்பாள் பூர்ணிமா.

"நான் படிக்கறதே இல்லப்பா. கண்ணு பாக்குது, கை அடிக்குது, நடுவுல நான் எங்க இருக்குறேன்?" என்று பின்னறையிலிருந்து குரல் வரும்.

தேவநாதன் பதில் சொல்லமாட்டார். நாற்பத்தொரு வயதில் அவருக்கு வாய்த்திருந்தது இந்த ஒரு நாற்காலி. டுடோரியலில் வரலாறு நடத்தினார், அது மூடிவிட்டது. ஏஜென்சி ஒன்று எடுத்தார், அதுவும் நிற்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் அவரைப் பேசச் சொல்வதில்லை. அதுவே அவருக்குப் பெரிய வசதியாக இருந்தது.

டன்விச்சை அவர் இரண்டு நாள் அடித்தார். மற்ற பக்கங்களுக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.

அது கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் பெரிய ஊர். கப்பல்கள், சந்தைகள், எட்டோ ஒன்பதோ மாதாகோயில்கள். பிறகு ஒரு குளிர்காலப் புயலில் கடல் உள்ளே வந்து போனது. மறுபடியும் வந்தது. துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. கரை கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது. வருடத்துக்கு ஒரு தெரு, தலைமுறைக்கு ஒரு கோயில் என்று கடல் அந்த ஊரை நிதானமாக வாங்கிக்கொண்டது. ஆனால் டன்விச்சுக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடம் என்று எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். கடல் தெருக்களைக் கொண்டுபோயிற்று, தொகுதியைத் தொட முடியவில்லை. சந்தை போய், துறைமுகம் போய், கோயிலும் கல்லறையும் போன பிறகும் அந்த ஊர் ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் முப்பத்திரண்டு பேர். பக்கத்தில் இருந்த இரண்டு பெரிய குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு இடம் என்று எடுத்துக்கொண்டன. முப்பத்திரண்டு பேரும் கை தூக்கினார்கள். கடல் உள்வாங்குகிற நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து மணிச்சத்தம் கேட்கும் என்று அங்கே சொல்வார்களாம். அது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

தேவநாதன் சின்ன எழுத்தை அடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் மாசிமகத்துக்கு வந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பலூன்காரன் ஊதுகிற சத்தம் கண்ணாடி வழியாக எங்கோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கீழே குடோனில் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மெல்ல இடித்துக்கொள்ளும் ஓசை மாடிவரை கேட்டது.

இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. பதினெட்டு வார்த்தை. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டாம் வருடத்துச் சட்டத்தால் டன்விச் தன் இரண்டு உறுப்பினர்களையும் இழந்தது, அதன் பிறகு அது தொகுதியாக இல்லை என்பது அதன் பொருள்.

அவருக்குத் தன் ஊர் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கம்மாபுரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஊர் போனதில் அவருக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. மழைக்கு ஒழுகிய வீடு, குடிக்க உதவாத கிணறு. அவர் மனதில் நின்றது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப்போடப் போனபோது, சாவடியில் பொறுப்பில் இருந்த ஆசிரியர், வாக்காளர் பட்டியலின் மேல் ஒரு மரஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். தேவநாதன் பெயருக்குக் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று முத்திரை இருந்தது. புது இடத்துப் பட்டியலிலும் பெயர் இல்லை. ஆசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார். "சார், நீங்க இல்லைங்களே." தேவநாதன் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினெட்டு வார்த்தையை அவர் அடிக்கவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்றும் சொல்ல முடியாது. கை போகவில்லை. பக்கத்தை மூடி அனுப்பிவிட்டார். சிந்தாமணி அடித்திருப்பாள், சிவப்பு விழும், பூர்ணிமா சேர்த்துக்கொள்வாள், தன் கணக்கில் ஒரு தப்பு ஏறும். அவ்வளவுதான் என்று நினைத்தார்.

சிவப்பு விழவில்லை.

சென்னையில் யாரோ அகஸ்மாத்தாக அந்தப் பக்கத்தை எடுத்து மூலத்தோடு பார்த்திருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை மெயில் வந்தது. ராஜ்மோகன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டான். பூர்ணிமாவும் கதவோரம் நின்றாள்.

"ஒருத்தரு விட்டா அது மறதி" என்றான் ராஜ்மோகன். "ரெண்டு பேரும் அதே வரியை விட்டா அதுக்குப் பேரு வேற."

"என்னா பேரு?" என்றாள் சிந்தாமணி.

"காப்பி. ஒருத்தரு அடிச்சதை இன்னொருத்தரு எடுத்துப் போட்டிருக்கீங்க. நான் சொல்லல, மெட்ராஸ்காரன் சொல்றான்."

"அவன்கிட்ட சொல்லுங்க சார். ப்ளஸ் டூல இங்கிலீஷ்ல ரெண்டு தடவை ஃபெயிலானவ நான். காப்பி அடிக்கிற பழக்கம் இருந்தா மொதல் தடவையே பாஸாயிருப்பேன்."

பூர்ணிமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ராஜ்மோகன் சிரிக்கவில்லை.

"வெளையாட்டு இல்ல சிந்தாமணி. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள யாரு பண்ணதுன்னு சொல்லணுமாம். இல்லன்னா புத்தகத்தையே திருப்பி எடுத்துக்குவான். பதினாலு பேரும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். யாருன்னு தெரிஞ்சா அவங்க பேரை எல்லா ஆபீஸுக்கும் அனுப்புவான். இந்த லைன்ல அவங்களை ஒருத்தனும் எடுக்கமாட்டான்." அவன் தேவநாதன் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார்."

தேவநாதன் வாயைத் திறந்தார். வேண்டுமென்றேதான் விட்டேன் என்று சொல்ல வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. அவர் வேண்டுமென்று விட்டார் என்றால், அதே வரி அவளிடம் எப்படி இல்லாமல் போயிற்று? அவருடையதைப் பார்த்து எடுத்திருக்கிறாள் என்றுதானே ஆகும்? அவர் உண்மையைச் சொன்னால் அவள் திருடி ஆவாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ராஜ்மோகன் சிந்தாமணியைப் பார்த்தான்.

"சாரு பேசமாட்டாரு" என்றாள் சிந்தாமணி, அவரைப் பார்க்காமல். "அவரு பாஷையே அதான். ஆனா நான் சொல்லிடறேன். என்னை வேலைய வுட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க, போறேன். பொம்மை சுரண்டப் போறேன். அடுத்தவங்களுதைப் பாத்து அடிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க."

அன்று மாலை தேவநாதன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. மணிமுத்தாற்று மணலில் கொஞ்ச தூரம் நடந்தார். திருவிழா முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்புகள் பிடுங்கிய குழிகள் மணலில் வரிசையாக இருந்தன. தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பார்த்து அடித்திருக்க முடியாது. அது அவருக்கு நிச்சயம். தனி அறை, தனி கடவுச்சொல். அவர் பக்கத்தை அனுப்பியதே, அவள் அனுப்பிவிட்டாள் என்ற குறி திரையில் விழுந்து ஒரு நாள் கழித்துத்தான். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். படிக்கிறதே இல்லை என்று சொல்கிறவள், சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, அதே டன்விச்சில் தெருத்தெருவாக நடந்து, அதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறாள். அவரை விட ஒரு நாள் முன்னதாகவே வந்து, போயும் இருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் மணலில் அவருக்குக் கால் தரிக்கவில்லை. யாரும் இல்லை என்று நினைத்திருந்த ஊரில் இன்னொரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தது போலிருந்தது. ஆனால் இதை யாரிடம் சொல்வது? நேரத்தைக் காட்டினாலும், முன்னமே பேசி வைத்துக்கொண்டார்கள் என்றுதானே சொல்வார்கள்?

வீட்டில் அம்சவல்லி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஆபீஸுல ஏதோ தகராறுன்னு பூர்ணிமா அம்மா சொன்னாங்க."

"ஒரு வரி விட்டுப்போச்சு."

"ஒரு வரிக்கா இவ்ளோ? சேத்துட்டாப் போச்சு."

"சேக்கலாம்."

"அப்புறம் என்னா? உங்களுக்குன்னு ஒரு வேலை மூணு வருஷம் நின்னது இதான். இதையும் பேசாம இருந்து இருந்தே வுட்டுடாதீங்க. ஒரு தடவையாவது வாயைத் தொறந்து சொல்லுங்க." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னா சொல்லணும்னு நினைக்கிறீங்களோ அதை."

அவர் தலையாட்டினார். தலையாட்டலை அவள் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். தொகுதிகளை மாற்றிப் பிரித்த பட்டியல் வந்திருந்தது. பக்கத்தில் இருந்த மங்களூர்த் தொகுதி இனி கிடையாதாம், திட்டக்குடி என்று வருமாம். "எங்க மாமனார் ஊரு மங்களூர்த் தொகுதிதாம்பா. இனிமே பொண்ணு எடுத்த ஊருக்கு என்னா அட்ரஸு?" என்று ஒருவர் கேட்க, "மாமனார் இருக்காரு இல்ல, அது போதும்" என்றார் டீ ஆற்றுகிறவர். எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தேவநாதன் டீயைக் குடிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ராஜ்மோகன் ஒரு யோசனையோடு வந்திருந்தான்.

"இதே புத்தகத்துல, இதே மாதிரி இன்னொரு ஊரு. ரெண்டு பேரும் இன்னும் பாக்காத பக்கம். சார் கீழ குடோன்ல உக்காருங்க, அங்க ஒரு சிஸ்டம் போட்டிருக்கேன். சிந்தாமணி மேல. நெட்டும் கிடையாது, போனும் கிடையாது. தனித்தனியா அடிங்க. தப்பும் தனித்தனியா வருதான்னு பாப்பம். சரியா வந்தா நான் மெட்ராஸுக்கு எழுதிக்கிறேன். மறுபடியும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா…" அவன் முடிக்கவில்லை.

குடோனில் வைக்கோல் வாசனை. சுற்றிலும் மார்பளவு பெட்டிகள். வெளிச்சம் மேலே ஒரு கண்ணாடி ஓட்டிலிருந்து சாய்வாக விழுந்து, வெள்ளைப் பீங்கான் சில்லுகள் சிதறிய தரையில் படுத்துக் கிடந்தது. அங்கே உட்கார்ந்து தேவநாதன் அந்த ஊருக்குள் போனார்.

ஓல்ட் சாரம் என்று அதற்குப் பெயர். ஒரு குன்று. அதன் மேல் ஒரு கோட்டை, ஒரு பெரிய மாதாகோயில். குன்றில் தண்ணீர் இல்லை, காற்று அதிகம், கோட்டைச் சிப்பாய்களோடு சாமியார்களுக்கு ஓயாத சண்டை. ஆகவே கோயிலைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்களும் கோயிலின் பின்னால் இறங்கிப் போனார்கள். குன்று புல் ஏறி ஆடுகளுக்கு ஆயிற்று. அந்தக் குன்றின் மேல் வசிப்பவர் எவரும் இல்லை என்று புத்தகம் ஒரு வாக்கியத்தில் சொன்னது. ஆனாலும் தொகுதி இருந்தது. தேர்தல் வந்தால் ஒரு மரத்தடியில் கூடாரம் போடுவார்கள். நிலத்தின் பேரில் உரிமை உள்ள ஏழெட்டுப் பேர் எங்கெங்கோ இருந்து வருவார்கள். மரத்தடியில் நின்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். கூடாரத்தைச் சுருட்டியதும் ஆடுகள் மறுபடியும் வரும்.

அவர் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். மெல்லக் கூவ ஆரம்பித்தது. திரையில் கடைசி வாக்கியம் இருந்தது. அதே வருடம், அதே சட்டம்.

இதை அடித்துவிட்டால் ஒரு தப்பும் இல்லாத பக்கம் போகும். அவளும் அப்படியே அடிப்பாள். எதுவும் நிரூபணம் ஆகாது. டன்விச் டன்விச்சாகவே கிடக்கும், அவள் பெயரில் சந்தேகம் அப்படியே இருக்கும். அடிக்காமல் விட்டால், விடுவது இந்த ஆளின் சொந்தப் பழக்கம் என்று ராஜ்மோகனுக்குத் தெரிந்துபோகும். அவளும் விட்டால், சுவரும் மாடியும் நடுவில் இருக்க இரண்டு பேர் விட்டிருக்கிறார்கள் என்று ஆகும், யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று ஆகும். அவள் விடாவிட்டால்? அவர் வேலை போகும். அதோடு முடியாது. அன்றைக்கு இவரைப் பார்த்துத்தான் விட்டாள் என்ற பேச்சும் அவள் மேல் விழும்.

யு.பி.எஸ். கூவிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து சொல்லச் சொன்னாள் அம்சவல்லி. அவருக்குத் தெரிந்த விதத்தில் சொல்வதென்றால் இது ஒன்றுதான் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வாக்கியத்தை அப்படியே விட்டு, பக்கத்தை மூடினார்.

கரண்ட் வந்ததும் மேலே பூர்ணிமா இரண்டு பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். நான்கு பேரும் ஒரு திரையைச் சுற்றி நின்றார்கள். கடைசி வரி முழுக்கச் சிவப்பு. அவருடையதில் இல்லை. அவளுடையதில் இருந்தது, ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல்.

தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தான் அவளை முடித்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

"ஆக சாரு வேணும்னேதான் வுடுறாரு" என்றான் ராஜ்மோகன் மெதுவாக. "அப்ப அன்னிக்கு நீ…"

"இன்னும் ஒண்ணு இருக்குது சார்" என்றாள் பூர்ணிமா.

அவள் திரையை மேலே தள்ளினாள். பக்கத்தின் நடுவில் இன்னொரு சிவப்பு. அங்கே தேவநாதனிடம் வாக்கியம் இருந்தது. சிந்தாமணியிடம் இல்லை. அந்தக் குன்றின் மேல் வசிப்பவர் எவரும் இல்லை என்ற வாக்கியம்.

ராஜ்மோகன் நாற்காலியில் உட்கார்ந்தான். நடுச் சிவப்பையும் கடைசிச் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாடி இது?"

"காப்பி அடிச்சா இப்பிடி வருமா சார்?" என்றாள் சிந்தாமணி. "சாரு எதை வுடுவாருன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷமா அவரு தப்பைத்தான பாத்துகிட்டு இருக்குறேன். துக்கமான எடம் வந்தா ரெண்டு தடவை ஸ்பேஸ் தட்டுவாரு. முடியற எடம் வந்தா நிப்பாரு. அதனால கடைசி வரியை நான் அடிச்சிட்டேன். எனக்கு வுடணும்னு தோணுனதை வுட்டேன்."

"நீ படிக்கறதே இல்லன்னு சொல்லுவ?"

"மூணு வருஷமா இதையே அடிக்கறேன். கொஞ்சங்கூடப் புரியாமலா போவும்? படிக்கறேன்னு சொன்னா கை மெதுவா போவுதும்பீங்க. அதான் சொல்லல."

"இதை ஏன் வுட்ட?"

"ஒரு நாளு கூடாரம் போட்டு மரத்தடில ஓட்டுப் போடறாங்க. அந்த எடத்துல போயி இங்க யாரும் இல்லன்னு எழுதி வெச்சா, வர்றவங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

ராஜ்மோகன் தேவநாதனைப் பார்த்தான். "நீங்க, சார்?"

தேவநாதன் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கும் நான் வேணும்னேதான் வுட்டேன். அந்தப் பொண்ணு எனக்கு முந்தின நாளே அனுப்பிடுச்சு. நேரம் மெஷின்ல இருக்கும், பாருங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்." மூன்று வருடத்தில் அந்த அறையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

பூர்ணிமா நேரத்தைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த எண்கள் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

"ரெண்டு பேருமே கள்ளங்கதான்" என்றான் ராஜ்மோகன் கடைசியில். "ஆனா தனித்தனிக் கள்ளங்க. இதை அவனுக்கு நான் எப்பிடி இங்கிலீஷ்ல எழுதறது?"

எழுதினான். கூட்டு எதுவும் இல்லை, இருவருடைய தனித்தனிக் கவனக்குறைவு, இனி நடக்காது என்று. அதற்குமுன் விட்டுப்போன மூன்று வாக்கியங்களையும் அவனே உட்கார்ந்து இரண்டு விரலால் தேடித் தேடி அடித்துச் சேர்த்தான். டன்விச்சின் கடைசி வாக்கியத்துக்கு அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. முடித்ததும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அந்தப் புத்தகம் இருவரிடமிருந்தும் போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து சிந்தாமணிக்கு ஆஸ்பத்திரி பில்கள். தேவநாதனுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் டெலிபோன் டைரக்டரி. "அதுல வாக்கியமே கிடையாது சார், பேரும் நம்பரும்தான். நீங்க எதை வுடுவீங்கன்னு பாக்குறேன்" என்றான் ராஜ்மோகன். சொல்லும்போது அவன் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் நாற்காலியை எடுத்துவிடவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மாடிப்படியில் எதிரெதிராக வந்தார்கள். இனி அவர்கள் ஜோடி இல்லை. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அப்படி ஒரு அனுமதி கிடைத்ததும் இருவருக்குமே என்ன பேசுவது என்று தெரியவில்லை. கீழே லாரி பின்னால் வந்து நின்றது. பெட்டிகளை இறக்கும்வரை படியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"சார்" என்றாள் சிந்தாமணி. "அந்த முப்பத்திரெண்டு பேரு. டன்விச்சுல."

"ம்."

"அவங்களுக்கு ஓட்டு இல்லன்னு என் கையால சொல்லணுமான்னு இருந்துச்சு. அதான் வுட்டுட்டேன். ஆனா யாரோ சொல்லித்தான இருப்பாங்க. மறுநா காலையில என்னா பண்ணியிருப்பாங்க அவங்க?"

தேவநாதன் யோசித்தார். அவள் காத்திருந்தாள். அவர் பாஷை அவளுக்குத் தெரியும் என்பதால் அவசரப்படுத்தவில்லை.

"மீன் பிடிக்கப் போயிருப்பாங்க" என்றார்.

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். "காத்து எப்பிடி இருந்திருக்கும்?"

"தெரியலம்மா. அது புத்தகத்துல இல்ல."

"அப்ப நல்ல காத்துதான்" என்று சொல்லிவிட்டு, லாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாக ஒருக்களித்து நுழைந்து, சிந்தாமணி சாப்பிடப் போனாள்.